குறுந்தகடு தானாகப் பாட வேண்டும்

எங்கள் ஆறாம் வகுப்பில் பார்வைத்திறன் குறைபாடுடைய மாணவி ஒருத்தி படிக்கிறாள். தமிழ்ச் செய்யுள்களையும் ஆங்கிலப் பாடல்களையும் மாணவர்களைக் கொண்டே பாடவைத்து, ஒலிப்பதிவு செய்து, குறுந்தகடுகளாக வைத்திருக்கிறோம். சிறப்பாசிரியர் ஒவ்வோர் உறையிலும் பிரெய்லில் எண் ஒட்டிக் கொடுத்தார். என் வீட்டில் சும்மா கிடந்த விண்டோஸ் 7 கணினியை வகுப்பின் மூலையில் வைத்தேன்.

உறையைத் தடவிப் பார்த்து வேண்டியதை எடுப்பாள், தானே செருகுவாள். ஆனால் பாட்டு வராது. யாராவது வந்து மவுஸால் திறந்துவிட வேண்டும். "சி.டி.யை நானே போடுறேன் டீச்சர், அப்புறமும் ஒருத்தரைக் கூப்பிடணுமா?" என்று ஒருநாள் கேட்டாள். கைப்பேசியில் போட்டுக் காட்டலாமே என்றார் சக ஆசிரியர் ஒருவர். என் கைப்பேசி மாலையில் என்னோடு வீட்டுக்குப் போய்விடும். கணினி வகுப்பிலேயே இருக்கும்.

முதலில் தட்டைச் செருகி, கம்ப்யூட்டர் என்பதைத் திறந்து, சி.டி. டிரைவை நாமே சொடுக்கிப் பார்க்க வேண்டும். டிராக் 01, டிராக் 02 என வரிசை தெரிந்து பாட்டும் ஓடினால் டிரைவில் குறையில்லை. எங்களுக்கு அப்படியே ஓடியது. ஓடாவிட்டால் லென்ஸில் தூசி இருக்கலாம், தட்டில் கீறல் இருக்கலாம். அமைப்புகளை மாற்றிப் பயனில்லை.

அடுத்து, அது எந்த வகைத் தட்டு என்று பார்க்க வேண்டும். நம்மில் பலர் இங்கேதான் குழம்புகிறோம். எம்பி3 கோப்புகளை அப்படியே பதிந்தால் நூறு பாட்டுக்கு மேல் பிடிக்கும். ஆனால் கணினிக்கு அது கோப்புகள் உள்ள தட்டு. ஆடியோ சி.டி.யாகப் பதிந்தால் ஏறத்தாழ 80 நிமிடம்தான் பிடிக்கும். இரண்டுக்கும் கணினியில் தனித்தனி அமைப்பு உண்டு. எங்களுடையவை ஆடியோ சி.டி.

கண்ட்ரோல் பேனலில் ஆட்டோபிளே என்ற பக்கம் இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். கீழே ஆடியோ சி.டி. என்பதற்கு எதிரே விண்டோஸ் மீடியா பிளேயரில் பாடவை என்பதைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். எக்ஸ்பியாக இருந்தால் சி.டி. டிரைவின் மீது வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் ஆட்டோபிளே தாவலுக்குப் போக வேண்டும். பின்னணியில் ஷெல் ஹார்டுவேர் டிடெக்ஷன் என்ற சர்வீஸும் ஓட வேண்டும். சர்வீசஸ் பட்டியலில் அதை ஆட்டோமேட்டிக் ஆக்கித் தொடங்கிவிடலாம். பெரும்பாலான கணினிகளுக்கு இதுவே போதும்.

எங்களுக்குப் போதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்து, பழுதுபார்த்தவர் எல்லாத் தானியக்கத்தையும் பூட்டிவைத்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் செய்தது சரியே. 2008 இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு, பென் டிரைவைச் செருகியதும் தானாக இயங்கும் வசதியையும் ஒரு வழியாகப் பயன்படுத்திக்கொண்டது. பழைய விண்டோஸ்களில் பென் டிரைவுக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்தும் திருத்தத்தை 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பரவலாக அனுப்பியது.

பூட்டு ரெஜிஸ்ட்ரியில் இருந்தது. ரெஜ்எடிட் கட்டளையால் அதைத் திறந்து, முதல் வேலையாக முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து நகல் எடுத்துக்கொண்டேன். இதைத் தவிர்க்கவே கூடாது. லோக்கல் மெஷின் பகுதியில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், பாலிசீஸ், எக்ஸ்ப்ளோரர் என்று போனால் நோ டிரைவ் டைப் ஆட்டோரன் என்ற மதிப்பு இருக்கிறது. இதே மதிப்பு கரண்ட் யூசர் பகுதியிலும் இருக்கலாம். இரண்டிலும் இருந்தால் லோக்கல் மெஷினில் உள்ளதே செல்லும். டெசிமல் என்பதைத் தேர்ந்து பார்த்தேன்: 255.

கணக்கு ஆசிரியரான எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் மகிழ்ச்சிதான். அது எட்டு சுவிட்சுகளின் கூட்டல். பென் டிரைவ் போன்றவற்றுக்கு 4, ஹார்டு டிஸ்குக்கு 8, நெட்வொர்க் டிரைவுக்கு 16, சி.டி.க்கு 32, ராம் டிஸ்குக்கு 64. 1, 2, 128 ஆகியவை மற்ற வகைகளுக்கு. சேர்த்த எண்ணுக்குரிய வகை பூட்டப்படும். எல்லாவற்றையும் கூட்டினால் 255, அதாவது எல்லாம் பூட்டு.

எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எட்டையும் எழுதி, "சி.டி.யை மட்டும் திறக்கணும், மத்தது பூட்டியே இருக்கணும். என்ன எண் போடணும்?" என்று கேட்டேன். ஒருவன் பூச்சியம் என்றான். அப்படிப் போட்டால் பென் டிரைவும் திறந்துவிடும் என்று பின்வரிசையிலிருந்தே மறுப்பு வந்தது. 32 என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது நேர்மாறு, சி.டி. மட்டும் பூட்டிக்கொள்ளும். கடைசியில் 255-இல் 32 போக 223 என்று வந்தது. இரும எண்ணை அன்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸின் வழக்கமான மதிப்பு 145, அதிலும் சி.டி. பாடும். ஆனால் அதில் 4 இல்லை என்பதால் 223-ஐயே வைத்தேன்.

மறுதொடக்கம் செய்ததும் பாட்டு வந்தது. இதற்குப் பிறகும் வராதவர்கள், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், சர்வீசஸ், சிடிராம் என்ற இடத்தில் ஆட்டோரன் மதிப்பு 1 என்று இருக்கிறதா எனப் பார்க்கலாம். அது 0 ஆக இருந்தால் தட்டு மாறியது விண்டோஸுக்குத் தெரியாது.

வெளியாரின் தட்டுகளில் எச்சரிக்கை தேவை. 2005-இல் சோனி பிஎம்ஜி விற்ற சில இசைத்தட்டுகள் நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருளைக் கணினியில் மறைத்து நிறுவியது தெரியவந்து, அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. சந்தேகமான தட்டைச் செருகும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருந்தால் தானாக இயங்காது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால் இந்தக் கணினியை நான் இணையத்தில் இணைப்பதில்லை.

தட்டைச் செருகியதும் டிரைவ் சுற்றிப் படிக்கச் சில நொடிகள் ஆகும். முதல் நாள் அந்த இடைவெளியில் பயந்து, தட்டை வெளியே எடுத்துவிட்டாள். இப்போது சுற்றும் ஓசையைக் கேட்டபடி மேசையில் விரலால் தட்டி எண்ணுகிறாள். பெரும்பாலும் பத்துக்குள் பாட்டு வந்துவிடுகிறது.