சத்திரசிகிச்சைக்குப் பிறகும் ஏன் இரத்தப் பரிசோதனை?

"வவுத்தை வெட்டிக் கட்டிய எடுத்தாச்சி. இப்ப சுகமாத்தான் இருக்கேன். இனி என்னத்துக்கு மகள் திரும்பத் திரும்ப ரெத்தம் குடுக்கணும்?"

இரைப்பைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் உம்மும்மா, கிளினிக்குக்குப் போகவேண்டிய நாளில் கேட்ட கேள்வி இது. உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சத்திரசிகிச்சையின்போது கட்டியுள்ள இரைப்பைப் பகுதியும் அதைச் சூழவுள்ள நிணநீர்க் கணுக்களும் அகற்றப்படுகின்றன. ஆனால், கண்ணுக்குத் தெரியாத சில புற்றுநோய்க் கலங்கள் அதற்கு முன்பே குருதி வழியாகவோ நிணநீர் வழியாகவோ வேறிடம் சென்று தங்கியிருக்கலாம். அவை பெருகும்போது நோய் மீள்கிறது. மீளும் நோயில் பெரும்பகுதி முதல் 2, 3 ஆண்டுகளுக்குள்ளேயே வெளிப்படுகிறது. கட்டி ஓரளவு வளர்ந்த பின்னரே ஸ்கேனில் தெரியும். அதற்கு முன்பே துப்புத் தரக்கூடிய பொருள்களையே உயிரியல் குறிகாட்டிகள் என்கிறோம்.

முதல் துப்பு அகற்றிய இழையத்திலேயே இருக்கிறது. கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது, எத்தனை நிணநீர்க் கணுக்களில் பரவியுள்ளது என்பவற்றை நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். இவை கூடக்கூட நோய் மீளும் வாய்ப்பும் கூடுகிறது. சில கட்டிகளின் கலமென்சவ்வில் 'ஹெர்2' என்ற புரதம் மிகையாக இருக்கும். நோய் திரும்பினால் எந்த மருந்து பயன்தரும் எனத் தெரிவுசெய்ய இது உதவுகிறது.

அடுத்தது குருதி. சி.ஈ.ஏ. என்ற புரதத்தை 1965இல் கனடாவில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் ஆகியோர் கண்டறிந்தனர். கருவிலுள்ள குழந்தையின் குடலில் உருவாகும் இது, பிறந்த பின் மிகக் குறைந்துவிடும். சில புற்றுநோய்க் கலங்கள் இதனை மீண்டும் உருவாக்குகின்றன. சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்த அளவு, மறுபடி தொடர்ந்து ஏறினால் வைத்தியர்கள் விழிப்படைகிறார்கள். சி.ஏ. 19-9, சி.ஏ. 72-4 என்பவையும் இவ்வாறே பயன்படுகின்றன.

ஆனால், இக்குறிகாட்டிகள் தனியே தீர்ப்புச் சொல்வதில்லை. புகைத்தலாலும் ஈரல் நோயாலும்கூட சி.ஈ.ஏ. கூடலாம். ஏ, பீ, ஓ போலவே லூயிஸ் என்றொரு குருதி வகைப்பாடும் உண்டு. அதில் லூயிஸ் எதிர் வகையினரின் உடல் சி.ஏ. 19-9ஐ உருவாக்குவதே இல்லை. அவர்களுக்கு நோய் திரும்பினாலும் அந்த எண் கூடாது. எனவேதான் சி.டி. ஸ்கேன், என்டொஸ்கொபி போன்றவற்றால் உறுதிசெய்கிறார்கள்.

இப்போது ஆய்வாளர்கள், புற்றுநோய்க் கலங்கள் குருதியில் விடும் டி.என்.ஏ. துண்டுகளைத் தேடுகிறார்கள். கட்டியிலிருந்த அதே விகாரம் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் குருதியில் காணப்பட்டால், எங்கோ கலங்கள் எஞ்சியுள்ளன என ஊகிக்கலாம்.

இவற்றை உம்மும்மாவுக்கு விளக்கியபோதுதான் அவர் மனந்திறந்தார். முந்திய அறிக்கையில் எண் சற்றுக் கூடியிருந்ததாம். அடுத்ததைப் பார்க்கப் பயமாம். "ஒரு எண்ணை வெச்சி டொக்டர் முடிவெடுக்க மாட்டாரு உம்மும்மா. ஏறிக்கிட்டே போகுதா, இறங்குதா எண்டுதான் பார்ப்பாரு. நீங்க போகாட்டி அவருக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

நோய்க்கு மருந்து செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். முயற்சி செய்துவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுவதே தவக்குல். மறுநாள் உம்மும்மா பழைய அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு உம்மாவுடன் கிளினிக்குக்குப் போனார். முடிவு இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், "சுகமாத்தானே இருக்கேன்" என்ற சொல்லைக் கேட்டு அடுத்த கிளினிக் திகதியைத் தவறவிட்டுவிடாதீர்கள்.