டெல்டாவுக்கு சிப் ஆலை வருமா?

கேள்வி: குஜராத்துக்கும் அசாமுக்கும் சிப் ஆலை போகிறதே, எங்கள் பக்கம் ஒன்று வராதா? படித்த பிள்ளைகள் எல்லாம் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. டாடா நிறுவனம் தைவானின் பிஎஸ்எம்சியுடன் சேர்ந்து குஜராத்தின் தொலேராவில் அமைக்கும் ஆலைக்கு 91,000 கோடி ரூபாய் செலவு. மத்திய அரசின் மானியம், மாநில அரசின் கொள்கை (குஜராத்தில் அது 2022-இல் வந்தது), பரந்த நிலம், தடைபடாத மின்சாரம் எல்லாம் கூடித்தான் இடத்தை முடிவு செய்கின்றன.

எனக்குக் கவலை தருவது தண்ணீர். சிலிக்கான் தட்டில் நுண்ணிய சுற்றுகளை அடுக்கடுக்காக உருவாக்கும்போது, அதைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அதற்கு உப்பும் தூசியும் துளிகூட இல்லாத நீர் வேண்டும். 2021 வறட்சியில் தைவான் அரசு பல ஆயிரம் ஹெக்டேர் வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தி, விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்தது. சிப் ஆலைகள் ஓடின. மேட்டூர் அணை திறக்குமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் நமக்கு அந்தப் போட்டி வேண்டாம்.

கும்பகோணம் அடங்கிய தஞ்சை மாவட்டம் 2020 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். அதன் தடைப் பட்டியலில் உருக்காலை, தோல் ஆலை போன்றவை உண்டு; சிப் ஆலை இல்லை. ஆனாலும் குறுவை விளையும் மண்ணில் அது கூடாது என்பதே என் கருத்து.

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் டெல்டாவுக்கு வெளியே, சூலூர், பல்லடத்தில் செமிகண்டக்டர் பூங்காக்களை அறிவித்தது. சிப் வடிவமைப்புக்கோ கணினியும் பயிற்சியும் போதும், ஆற்றுநீர் தேவையில்லை. வடிவமைப்பு அலுவலகங்களைக் கும்பகோணத்துக்குக் கேளுங்கள்; உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இன்றே மனு கொடுங்கள்.