கடலிலிருந்து கடலுக்குச் சைக்கிளில்: முடிக்கிற நேரத்துக்குச் சில குறிப்புகள்

மேற்குக் கரையில் அஸ்டோரியாவில் கிளம்பி கிழக்கே யார்க்டவுன் வரை அமெரிக்காவைக் குறுக்கே மிதிக்கிற நண்பர்களே! 6,800 கிலோமீட்டர் பாதையில் பாதியைத் தாண்டிவிட்டீர்களா? காசும் பொருளும் அதிகம் வீணாவது கடைசிப் பகுதியில்தான். இப்போதே இவற்றைக் கவனித்து வையுங்கள்.

1. கொலராடோவின் ஹூசியர் கணவாய்தான் (3,500 மீட்டருக்கு மேல்) வழியிலேயே உயரமான இடம். அதைத் தாண்டி கன்சாஸ் வெயிலுக்குள் இறங்கியதும் தடித்த ஸ்வெட்டர், கம்பளிக் கையுறை எல்லாவற்றையும் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மழைக்கோட்டு மட்டும் கூடவே இருக்கட்டும்.

2. ஊர் திரும்பும்போது கரடி விரட்டும் ஸ்பிரேயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். எதிரே மேற்கு நோக்கி வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்குக் கரடிகள் திரியும் யெல்லோஸ்டோன் பூங்கா இனிமேல்தான், புதிதாக வாங்கும் செலவு மிச்சம்.

3. ராக்கி மலையே தாண்டியாச்சு என்று அசந்துவிடாதீர்கள். அப்பலாச்சியன் மலைகள் உயரத்தில் குறைவுதான், ஆனால் ஏற்றம் நெஞ்சை அடைக்கும். வர்ஜீனியாவில் வெசுவியஸ் ஊரை விட்டு ஏறும்போது தெரியும். இறக்கமும் அதே கணக்குதான், அதனால் கென்டக்கியிலேயே பிரேக் கட்டைகளைப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

4. கிழக்குக் கென்டக்கியில் நாய்கள் துரத்தும். வேகமாக மிதித்தால் அவற்றுக்கு இன்னும் உற்சாகம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு ஓர் அதட்டல் போடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

5. யார்க்டவுனில் ரயில் நிலையம் கிடையாது, பக்கத்தில் வில்லியம்ஸ்பர்க்கில் ஒன்று இருக்கிறது. எந்த ரயிலில் சைக்கிள் ஏற்றலாம் என்று முன்பே கேட்டு டிக்கெட் எடுங்கள்.

6. சைக்கிளைக் கழற்றி வைத்து ஊருக்கு எடுத்துப்போகும் அட்டைப்பெட்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம். புதுச் சைக்கிள் வந்த பெட்டிகளைக் கடைக்காரர்கள் தூக்கித்தான் போடுவார்கள். ஒரு வாரம் முன்பே போன் செய்து ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முன் ஃபோர்க் நசுங்காமல் இருக்க நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் துண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

7. கிளம்பும்போது பின் சக்கரத்தைப் பசிபிக்கில் நனைத்திருப்பீர்கள், முடிக்கும்போது முன் சக்கரம். யார்க்டவுனில் நனைப்பது யார்க் ஆற்றில்தான், ஆனாலும் செசபீக் விரிகுடாவின் உப்பு அதில் ஏறி வரும். ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு அப்புறம் போட்டோ எடுங்கள்.

8. பெட்டியில் வைக்கப் பெடல்களைக் கழற்றும்போது கவனம்: இடது பெடலின் மரை தலைகீழ். வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும்.

9. சீட் கம்பியை இறக்கும் முன் அது நின்ற இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். மாதக்கணக்கில் முழங்காலுக்குப் பழகிய உயரம், வீட்டில் தேடித் திண்டாட வேண்டாம்.

10. துணிமணிகளையே பெட்டிக்குள் மெத்தையாகச் செருகலாம். கூடாரத்தை மட்டும் ஈரத்தோடு திணிக்காதீர்கள், பூசணம் பிடித்துவிடும்.

11. வீடு சேர்ந்தபின் ஒரேயடியாகச் சைக்கிளை ஓரங்கட்டாதீர்கள். கால் நின்றாலும் பசி சில நாள் நிற்காது. தினமும் கொஞ்சம் மிதித்து, சாப்பாட்டை மெல்லக் குறையுங்கள்.