கோனார்க்கில் காந்தம் இருந்ததா?

பழுப்பு நிறப் பத்து ரூபாய்த் தாளைத் திருப்பினால் தெரிவது கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச் சக்கரம். ஒடிசா போய் வருகிறவர்கள் அந்தக் கோயிலிலிருந்து தவறாமல் கொண்டுவரும் கதை காந்தக் கதை. உச்சியில் பெரிய காந்தக்கல் இருந்ததாம். சூரியன் சிலை அந்தரத்தில் மிதந்ததாம். கப்பல்களின் திசைகாட்டி தடுமாறியதால் போர்த்துக்கீசிய மாலுமிகள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போக, கோபுரம் சரிந்ததாம்.

தூரம் இரண்டு மடங்கானால் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். கடலில் போகும் கப்பலை அலைக்கழிக்க இயற்கைக் காந்தக்கல்லால் ஆகாது. கதைக்கு விதை போட்டவை, என் ஊகத்தில், கல்லைத் தாங்க வைத்த இரும்பு உத்தரங்கள். முப்பது அடிக்கு மேல் நீண்டவையும் அவற்றில் உண்டு. உலைக்களத்தில் துண்டு துண்டாகக் காய்ச்சி, அடித்து இணைத்த அந்தக் கொல்லர்களைப் பற்றி ஒருவரும் கதை கட்டவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

வங்கத் தளபதி காளாபகாட் 1568இல் கோயிலைத் தரைமட்டமாக்கினான் என்பதும் நிற்காது. சுமார் முப்பது ஆண்டு கழித்து அபுல் பசல் இதே கோயிலை வியந்து எழுதியிருக்கிறார். 1837இல் பெர்குசன் வரைந்த படத்தில்கூடக் கருவறை விமானத்தின் ஒரு மூலை நிற்கிறது. 1848இல் அதுவும் காற்றில் விழுந்தது. மிஞ்சிய முன்மண்டபமும் இடியாமலிருக்க, 1903 வாக்கில் உள்ளே மணலைக் கொட்டி வாசல்களை அடைத்தார்கள்.

கண்ணன் மகன் சாம்பன் கட்டினான் என்பதும் சொல்வழக்கு. சாபத்தால் தொழுநோய் கண்டு, சந்திரபாகா கரையில் சூரியனை வணங்கிக் குணமானவன் அவன். கோயிலை எழுப்பியவனோ 13ஆம் நூற்றாண்டின் கீழைக் கங்க அரசன் முதலாம் நரசிம்மதேவன். (அவனுடைய முன்னோன் சோடகங்கனின் தாய் சோழ இளவரசி, பெயரிலேயே தெரிகிறது.) சந்திரபாகா என்பது செனாப் நதியின் பழம்பெயர். சாம்பன் கதை முதலில் முல்தான் சூரியன் கோயிலுக்கு உரியது. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் அங்கே பொன்னால் ஆன சூரியன் சிலையைக் கண்டார். பிறகு கதை கிழக்கே வந்தது, ஆற்றின் பெயரையும் கூடவே அழைத்துக்கொண்டு.

இதை ரதசப்தமியன்று கோனார்க்கில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. கருவறையில் மூர்த்தி இல்லை, பூசை நின்று பல தலைமுறை ஆகிறது. ஆனாலும் அன்று விடியுமுன்னே சந்திரபாகா கரையில் பெருங்கூட்டம் நீராடிவிட்டு, கடலிலிருந்து சூரியன் எழக் காத்திருக்கிறது.