வலித்தால்தான் வளருமா?

வெள்ளியங்கிரி மலைக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். மூச்சு வாங்கவைப்பது ஏற்றம். ஆனால் மறுநாள் காலையில் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்க வைப்பது, மலையில் இறங்கிய இறக்கம்.

‘லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, அதான் வலி’ என்பார்கள். தவறு. மூச்சு முட்ட ஏறும்போதுதான் அது அதிகம் உருவாகிறது. அதுவும் உடம்பு ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வருகிறது. 1902இலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர், இது தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களின் வேலை என்று எழுதிவிட்டார்.

இறங்கும்போது முன்தொடைத் தசை எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. இழைகளுக்குள் இருக்கும் நுண்ணிய கட்டமைப்பு அங்கங்கே குலைகிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் வந்து சிதைந்ததை அகற்றுகின்றன. அந்த இடம் வீங்கி, தொட்டாலே வலிக்கிறது. இழையின் ஓரத்தில் ஒட்டி உறங்கிக்கொண்டிருக்கும் துணைச் செல்கள் அப்போது விழிக்கின்றன. அலெக்ஸாண்டர் மௌரோ 1961இல் தவளைத் தசையில் கண்டறிந்தவை இவை. பெருகி, அடிபட்ட இழையோடு கலந்து, புதிய உட்கருக்களைக் கொடுத்து அதைச் சீராக்குகின்றன. இரண்டு வாரம் கழித்து அதே மலையில் இறங்கிப் பாருங்கள், பாதி வலிகூட இருக்காது. தசை பாடம் கற்றுக்கொண்டுவிட்டது.

அப்படியானால் வலித்தால்தான் வளருமா? இல்லை. தசையை வளரச் சொல்வது சேதம் அல்ல, சுமையின் இழுவிசை. பயிற்சியின் முதல் வாரங்களில் சேதம் மிகுதி. உருவாகும் புதிய புரதத்தில் பெரும்பங்கு பழுதுபார்ப்பதற்கே போய்விடும். அப்போது கூடும் பலமும் பெரும்பாலும் நரம்புகள் பழகியதால் வருவது. வலி குறைந்த பிறகுதான் இழைகள் சரியாகப் பருக்கத் தொடங்குகின்றன. உடற்பயிற்சியை நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறும் என்பதும் பொய். இரண்டும் வேறுவேறு திசுக்கள்.

சேர்ந்த முதல் நாளே நூறு பஸ்கி போடவைக்கும் ஜிம் மாஸ்டர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அளவு மீறினால் இழைகள் உடைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சுமையை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், ‘வலிதானே, சரியாகிவிடும்’ என்று இருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.