கயலுக்கு, மோல் கணக்கு பற்றி

அன்புள்ள கயலுக்கு,

உங்கம்மா நேற்று போனில் பேசினாள். இடைத்தேர்வு மார்க்கை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வேதியியல் வீட்டுப்பாடத்தை, கைடைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. திட்டுவதற்காக எழுதவில்லை கண்ணு.

ஒரு கணக்கை எடுத்துக்கொள். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு நீர் கிடைக்கும்? முதலில் சமன்பாட்டைச் சமன்செய். 2 மோல் ஹைட்ரஜனுக்கு 1 மோல் ஆக்சிஜன், கிடைப்பது 2 மோல் நீர். பிறகு கிராமை மோலாக்கு. ஹைட்ரஜன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகத்தான் சேர்ந்திருக்கும். அதனால் மோலார் நிறை 2, 1 அல்ல. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். ஆக, ஹைட்ரஜன் 2 மோல், ஆக்சிஜன் அரை மோல். அரை மோல் ஆக்சிஜனுக்கு 1 மோல் ஹைட்ரஜன் போதும். எடையில் நான்கு மடங்கு இருந்தாலும் முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன். உங்கள் புத்தகம் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்பது இதைத்தான். கிடைப்பது 1 மோல் நீர், அதாவது 18 கிராம். மிச்சம் 2 கிராம் ஹைட்ரஜன். கூட்டிப் பார்: போட்டதும் 20, வந்ததும் 20. லவாய்சியர் சொன்ன நிறை அழியா விதியே உன் விடையைத் திருத்திக் கொடுக்கிறது. கைடு எதற்கு?

ஒவ்வொரு வரியிலும் அலகை எழுது. இத்தனை வருஷம் மருந்துக்கடையில் நின்றவள் சொல்கிறேன். பாட்டியின் தைராக்சின் மாத்திரை அட்டையை எடுத்துப் பார், அதில் இருப்பது மைக்ரோகிராம். அதையே மில்லிகிராம் என்று படித்தால் ஆயிரம் மடங்கு கூடிவிடும். கணக்கிலும் அப்படித்தான். கிராமை மோலார் நிறையால் வகுத்தால் கிராம் அடிபட்டு மோல் மட்டும் நிற்கவேண்டும். வேறு ஏதாவது நின்றால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறாய்.

உங்கப்பா விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் படித்த பள்ளியில் ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் தொடவே இல்லை. ஜூன் மாதமே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்து, இரண்டு வருஷமும் அதையே மனப்பாடம் செய்யவைத்தார்கள். மார்க் கொட்டியது, தாத்தா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். இன்ஜினியரிங் முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில் அரியர் விழுந்தபோது அவன் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்தவள் நான். மோல் தெரியாதவனுக்கு டைட்ரேஷன் கணக்கு எப்படி வரும்? எல்லாரும் அவனைத்தான் சொன்னார்கள், பள்ளியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது, இனி எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கதி வராது என்று நிம்மதியானேன். இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் இவ்வளவு பயப்படுகிறேன்.

டியூஷன் சேர்வதும் சேராததும் உன் இஷ்டம். அங்கே எல்லாக் கணக்கையும் போட்டு நோட்ஸாகவே கொடுத்துவிடுகிறார்களாம். அதுவும் இன்னொரு கைடுதான். வீட்டிலேயே இருந்தால், தினமும் ஐந்து கணக்கை விடையை மூடிவைத்துப் போடலாம். வராததை மறுநாள் முதல் வரியிலிருந்து திரும்பப் போடலாம். அப்போதும் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடலாம். நன்றாக யோசித்து நீயே முடிவு செய். உங்கப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ முடிவு செய்யும்வரை டியூஷனுக்குப் பணம் கட்டவேண்டாம் என்று.

நிறையச் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே தங்கம். நீ கெட்டிக்காரி, உனக்கு வராத பாடம் ஒன்றும் கிடையாது. மார்க் கூடினாலும் குறைந்தாலும் நீதான் இந்த அத்தைக்குச் செல்லம். தீபாவளிக்கு வரும்போது புத்தகமே எடுத்துவராதே. அதிரசம் சுட்டு வைக்கிறேன், உனக்குப் பிடித்த பச்சை நிறத்தில் பாவாடைத் துணியும் எடுத்தாயிற்று. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி ரொம்ப நேரம் கண்விழிக்காதே.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அத்தை