நெடுஞ்சாலைப் பயணம் வகுக்கும் தம்பிக்கு



வேப்பனப்பள்ளியில் தொடங்கி வேப்பனப்பள்ளியிலேயே முடியும்படி, பன்னிரண்டு கார்களுக்கும் நான்கு நாள்களுக்குமாகத் தம்பி வகுத்துள்ள நெடுஞ்சாலைச் சுற்றுப்பயணத் திட்டம், சாலை ஆர்வலர்களுக்கானது. அதாவது கோயில் குளம் பார்க்கப் புறப்படாமல், சாலையின் போக்கு, எண், பாலம், சந்திப்பு, அறிவிப்புப் பலகை ஆகியவற்றைப் பார்ப்பதற்கென்றே வண்டி எடுப்பவர்களுக்கானது. வண்டிப் பராமரிப்பு, ஆவணங்கள், முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் தம்பிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லையாதலால், திட்டத்தின் முதல் பக்கத்து முதல் வரிக்கே நேராக வந்துவிடலாம். காலை 4.30-க்கு வேப்பனப்பள்ளியில் புறப்பாடு, 5.00-க்குக் கிருஷ்ணகிரியைத் தாண்டுதல் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. மார்கழி மாதத்தில், பொழுது விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது!

அந்த வரி இவ்வளவு எரிச்சலூட்டுவதற்குக் காரணம், அதே திட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ள வரைபடமே. கர்நாடக எல்லையில் தொடங்கி வேப்பனப்பள்ளி வழியாகக் கிருஷ்ணகிரி வரையுள்ள சாலையை மட்டும் நீண்ட நாடாபோல் தனியே எடுத்து, இருபுறமும் சிறுபாலங்கள், புளியமரங்கள், மாந்தோப்பு வேலிகள், மார்க்கண்டேய நதி நெருங்கிவரும் இடம் என ஒவ்வொன்றையும் தம்பி கையாலேயே வரைந்திருக்கிறார். சுற்றுப்புறத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு ஒரே சாலையை அதன் போக்கிலேயே விரித்துக் காட்டும் இவ்வகை, நாடா வரைபடம் எனப்படும். இங்கிலாந்தின் சாலைகளை நூறு தாள்களில் இம்முறையில் வரைந்து ஜான் ஓகில்பி 1675-இல் வெளியிட்ட தொகுதி இதற்குப் பெயர்பெற்ற முன்னோடி. தம்பியின் வரைபடத்தை அந்த வரிசையில் வைத்துப் பேசுவது மிகை என்று யாரேனும் சொன்னால், அவர்கள் மாநில எல்லையில் தம்பி போட்டிருக்கும் ஒரு சிறு குறுக்குக்கோட்டைப் பார்க்க வேண்டும். இரு மாநிலத்தாரும் தத்தம் எல்லைவரை தார் போட்டு நிறுத்திய தையல் அது. ஒருபக்கம் வெளுத்த பழைய தார், மறுபக்கம் கருத்த புதிய தார், நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு இருவரும் கைவிட்ட சல்லி. அரசு அச்சிடும் எந்த வரைபடத்திலும் கிடைக்காத செய்தி இது. இந்தப் பகுதியில் சாலையைப் பற்றி வரைந்தோ எழுதியோ வந்தவற்றில் இதற்கு இணையாக ஒன்றும் கண்ணில் பட்டதில்லை. இவ்வளவையும் வரைந்தவரே, பன்னிரண்டு வண்டிகளை அதே சாலையில் முகப்பு விளக்கை மட்டும் நம்பி அரை மணி நேரத்தில் ஓட்டிச்செல்லத் துணிந்ததை எப்படிப் புரிந்துகொள்வது?

இருட்டில் சாலை தெரியாது என்பதோடு இது முடிவதில்லை. ராகி விளைந்து நிற்கும் காலத்தை ஒட்டி, கர்நாடகக் காடுகளிலிருந்து கிளம்பும் யானைக்கூட்டங்கள் ஓசூர்ப் பக்கத்துச் சானமாவுக் காடு வழியாக வேப்பனப்பள்ளி, மகாராஜகடைக் காடுகள்வரை வந்துபோவது இப்பகுதியில் ஆண்டுதோறும் நடப்பது. அவை சாலையைக் கடப்பது பெரும்பாலும் இரவிலும் விடியலுக்கு முன்னும்தான். உள்ளூர்க்காரரான தம்பிக்கு இது தெரியாததன்று. தொலைவைக் கூட்ட வேண்டும் என்ற ஆசை, தெரிந்ததையும் மறக்கச் செய்திருக்கிறது. முதல்நாள் புறப்பாட்டைக் காலை ஏழு மணிக்கு மாற்றி, வெளிச்சத்தில் முதலில் எல்லைவரை சென்று அந்தத் தார்த் தையலைக் காட்டிவிட்டு வருவதாக அமைத்தால், மாலையில் சென்னை சேர்வது குறைந்தது இரண்டரை மணி நேரம் பிந்தும், பிந்தட்டும்.

இரண்டாவது குறை எண்களைப் பற்றியது. ஓசூர்–கிருஷ்ணகிரிச் சாலையைத் தேசிய நெடுஞ்சாலை 7 என்றும், கிருஷ்ணகிரியிலிருந்து ராணிப்பேட்டை செல்வதை 46 என்றும், திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி வருவதை 66 என்றும் திட்டம் குறிப்பிடுகிறது. 2010-இல் நாடு முழுவதும் எண்கள் மாற்றப்பட்டபோது இந்த மூன்றும் முறையே 44, 48, 77 ஆயின. பழைய எண்களைச் சொல்வதில் ஒரு சுகம் உண்டு. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரிவரை ஒரே எண்ணில் ஓடிய பழைய 7-ஐ நினைத்து நெகிழாத சாலை ஆர்வலர் இருக்க முடியாது. ஆனால் இன்று 7 என்பது பஞ்சாபின் பாசில்காவிலிருந்து இமயமலையின் மாணா கிராமத்துக்குச் செல்லும் சாலை. 46 குவாலியரிலிருந்து பேத்துலுக்குச் செல்வது. 66 மேற்குக் கடற்கரை ஓரமாகப் பன்வேலிலிருந்து கன்னியாகுமரிவரை வருவது. 66 வந்து சேரும் இடத்தில் கூடுவோம் என்று திட்டத்தில் எழுதியிருப்பதை நம்பும் வெளியூர் நண்பர், சாலையெண்களில் தேர்ந்தவராக இருந்தால் கன்னியாகுமரிப் பக்கம்தான் தேடுவார். பழைய எண்ணைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் புதிய எண்ணுக்குப் பக்கத்தில் ‘பழைய’ என்ற அடைமொழியோடு சொல்லலாம். தனியாகச் சொல்லக் கூடாது.

புதிய எண்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதையும் தம்பி பயன்படுத்திக்கொள்ளவில்லை. வடக்கு–தெற்காகச் செல்லும் முதன்மைச் சாலைகள் இரட்டைப்படை எண் பெற்று கிழக்கிலிருந்து மேற்காகக் கூடிக்கொண்டே போகின்றன. கிழக்கு–மேற்காகச் செல்பவை ஒற்றைப்படை எண் பெற்று வடக்கிலிருந்து தெற்காகக் கூடுகின்றன. மூன்று இலக்க எண்ணில் பின்னிரண்டு இலக்கம் தாய்ச்சாலையையும் முதல் இலக்கம் கிளையின் வரிசையையும் குறிக்கும்; ஆகவே ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி செல்லும் 844, 44-இன் கிளை என்பதும், சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சி செல்லும் 544-உம் அதன் உடன்பிறப்பே என்பதும் எண்ணைப் பார்த்ததும் விளங்கிவிடும். இந்த ஒழுங்கை விளக்குவதற்குக் கிருஷ்ணகிரியைவிடப் பொருத்தமான வகுப்பறை தென்னிந்தியாவில் அரிது. ஸ்ரீநகர்–கன்னியாகுமரி 44-உம் தில்லி–சென்னை 48-உம் பெங்களூரிலிருந்து அதுவரை ஒரே தார்மீது, கூட்டுத்தடமாக, அதாவது ஒரு சாலையே இரண்டு எண்களைச் சுமப்பதாக வந்து அங்கே பிரிகின்றன. திண்டிவனத்திலிருந்து 77 அங்கே முடிகிறது. ஆந்திரத்தின் மதனப்பள்ளி, பலமனேர், குப்பம் வழியாக வரும் 42-உம் அங்கேதான் முடிகிறது. தம்பியின் திட்டமோ முதல்நாள் ஒருமுறை, இரண்டாம் நாள் இரவு ஒருமுறை, மூன்றாம் நாள் காலை ஒருமுறை என மூன்று தடவை கிருஷ்ணகிரியைத் தொடுகிறது. மூன்றிலும் சாலைக்கென ஒதுக்கிய நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

இம்மடல் எழுதுபவரின் தலைமுறைக்குச் சாலைப்பயணம் என்பது கல்லை எண்ணிப் போவது. 1934-இல் நிறுவப்பட்ட இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த இலக்கணப்படி, தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லுக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலையினதற்குப் பச்சைத் தலை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மற்றவற்றைவிடப் பெரிய கல் வரும், இடையிடையே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்கள் நிற்கும். கைப்பேசி இல்லாத காலத்தில் இரண்டு வண்டிகள் பிரிந்துவிட்டால், இன்ன ஊர்ப் பெயரும் இன்ன எண்ணும் எழுதிய கல்லருகே காத்திருப்பது என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. சூளகிரி மலை கண்ணுக்கு எட்டியதும், மேலுமலைத் திருப்பங்களுக்கு முன் எங்கே டீ குடிப்பது என்பதைக் கற்களை வைத்தே முடிவு செய்தார்கள். சாலையின் இருபுறமும் நின்ற புளியமரங்களின் மகசூல் ஆண்டுதோறும் ஏலம் போகும். ஏலம் எடுத்தவர்கள் மரத்தை உலுக்கும் நாள்களில் லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். சாலை நாற்கரமானபோது அம்மரங்கள் வெட்டப்பட்டன. கற்களில் சில மண்ணுக்குள் போயின, சில டீக்கடை வாசலில் உட்காரும் கல்லாயின. எஞ்சியவை பழைய தடத்தில்தான் கிடைக்கும். பழைய தடம் என்பது, புறவழிச்சாலை வந்த பிறகு ஊருக்குள் விடப்பட்ட முன்னாள் நெடுஞ்சாலை. காவேரிப்பட்டணத்தைப் போன்ற ஊர்களில் புதிய சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் போனால் அதன் அகலம், வளைவு, பழைய கட்டடங்களின் பின்வாங்கல் எல்லாவற்றையும் இன்றும் படிக்கலாம். திட்டமோ நான்கு நாளும் புறவழிச்சாலையிலேயே ஓடுகிறது. வேறு வேலையாகப் போகிறவர்களுக்கு அது சரி. சாலையைப் பார்க்கக் கிளம்பியவர்களுக்கு ஒருநாளில் இரண்டு இடத்திலாவது பழைய தடத்தில் இறங்கி நடக்கும் நேரம் வேண்டும், அதற்காக ஒருநாளின் தொலைவைக் குறைத்துக்கொண்டால் நல்லது.

மூன்றாம் நாள் அட்டவணை மேலும் மோசமானது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் படமெடுக்க நிறுத்தம் என்று குறித்திருப்பதை உடனே அடித்துவிட வேண்டும். டீசல் மிச்சம்பிடிக்கக் கியரை விடுவித்து இறங்கும் பாரவண்டிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் நிற்பவற்றின்மீது மோதுவது அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அந்த இறக்கத்தை வண்டிக்குள் இருந்தபடியே பார்த்தால் போதும். அன்றிரவே கோவையையும் தாண்டி, 948-இல் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, 9.30-க்குச் சாம்ராஜ்நகர் சேர்வதாக எழுதியிருப்பது நடக்கவே நடக்காது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே செல்லும் அச்சாலையில், உயர் நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரி முதல் சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணியிலிருந்தும் இலகுரக வண்டிகளுக்கு இரவு 9 மணியிலிருந்தும் காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. ஒரு டயர் பஞ்சரானாலே பன்னிரண்டு வண்டிகளும் மலையடிவாரத்துப் பண்ணாரியில் நிறுத்தப்படும். அன்றிரவு கோவையிலோ சத்தியமங்கலத்திலோ தங்கி, காலை வெளிச்சத்தில் மலையேறுவதே முறை. இந்த மாற்றத்தால் பயணம் ஐந்து நாளாகலாம். அதனால் எவரும் கோபித்துக்கொண்டு வராமல் இருக்கப்போவதில்லை.

77-ஐ ஒருநாள் முழுக்கச் சேர்த்தது மட்டும் சரி. 

பன்னிரண்டு வண்டிகளையும் ஒரே வரிசையாக ஓட்டும் எண்ணத்தைக் கைவிட்டு, நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் வழியறிந்த முன்வண்டி ஒன்றும், யாரையும் பின்னே விடாத கடைவண்டி ஒன்றும் வைத்துக்கொள்வது நலம். சுங்கச்சாவடிக்கு உள்ளேயோ அதை ஒட்டிய சாலையோரத்திலோ மற்றவருக்காகக் காத்திருக்காமல், அதைத் தாண்டி வரும் முதல் பெட்ரோல் பங்கில் கூடுவது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஓசூரில் ஷிப்ட் மாறும் வேளையில் கம்பெனி பஸ்கள் சாலையை நிறைத்துவிடும் என்பதைக் கடைசிநாள் அட்டவணையில் தம்பி கணக்கில் எடுத்திருப்பது தெரிகிறது.

சுங்கக் கட்டணத்தைப் பன்னிரண்டாகச் சமமாகப் பிரிப்பது என்ற கடைசிப் பக்கத்து முடிவு மட்டும் சண்டையில் முடியும். 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு, ஓராண்டு அல்லது 200 முறை என்ற வரம்போடு, ஃபாஸ்டாக் ஆண்டுச் சீட்டு கிடைக்கிறது; தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாய். அதை வாங்கியிருப்பவருக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் அந்தந்த முறை பணம் பிடிக்கப்படாது, மாநிலச் சாலைகளின் சாவடிகளில் மட்டும் வழக்கம்போல் பிடிக்கப்படும். சீட்டு வாங்கியவர் வாங்காதவரின் கட்டணத்தில் பங்கு போட ஒப்புவாரா, சீட்டின் விலையில் ஒரு பகுதியை மற்றவர்கள் தர வேண்டுமா என்பவற்றை நான்காம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு ஒத்திவைக்காமல், திருத்திய திட்டத்தை எல்லோருக்கும் அனுப்பும்போதே தம்பி எழுதிவிடுவது நல்லது.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பழைய பயணி